கேரவனுக்கு அடியில் நாலு பெட்டி

அத்தியாயம் 1

காலை எட்டேகால் மணிக்கு, பத்தரைக்கு முகூர்த்தம் வைத்திருந்த மணப்பெண் நைட்டியில் உட்கார்ந்து நாலாவது இட்லியைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தாள். ஜடை அலங்காரம் முடிந்திருந்தது. கழுத்தில் நகை ஏறியிருந்தது. புடவை மட்டும் இல்லை.

"அழுதா மை கலைஞ்சிடும்னு சொல்லிட்டாங்க. அதான் சாப்பிட்டுக்கினு இருக்கேன்" என்றாள். பெயர் இளவரசி.

ஜோசுவாவுக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போயிற்று. துக்கத்திலும் இட்லியைக் கைவிடாதவர்கள் மேல் அவனுக்குத் தனி மரியாதை உண்டு. துப்பறியும் தபஸ்ஸுமிடம் ஆறு வருடமாக உதவியாளனாக இருக்கிறான். அதில் பாதி நாள் காலைச் சாப்பாடு இல்லாமலே போயிருக்கிறது. இன்றும் அதே கதைதான்.

தபஸ்ஸும் இட்லியைப் பார்க்கவில்லை. ஓரிக்கைக் கல்யாண மண்டபத்தின் வாசலில், முக்காடு சரியாமல் மண்டியிட்டு, கேரவனின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து வண்டிகளைச் சோதித்துக் கொடுத்தவள். வண்டியின் முகம் பொய் சொல்லும், அடிவயிறு சொல்லாது என்பது அவள் கட்சி.

கேரவன் என்றால் வேறொன்றும் இல்லை. பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, ஏசியும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்து, கல்யாணப் பெண்கள் அலங்காரம் செய்துகொள்ள வாடகைக்கு விடுகிறாள் காந்தா. உள்ளே சாமான் வைக்க இடம் போதவில்லை. அதனால் போன வாரம்தான் செவிலிமேட்டில் பாடி கட்டும் ஜான் பாஷாவிடம் வண்டியை விட்டு, அடியில் சக்கரங்களுக்கு நடுவே, பக்கத்துக்கு இரண்டாக நாலு இரும்புப் பெட்டி கட்டி வாங்கியிருந்தாள். கதவுகளில் வெள்ளைப் பெயின்டில் ஒன்று முதல் நாலு வரை எண் போட்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் வாலாஜாபாத்ல பொண்ணு வீட்டுல புடவையைக் குடுத்தாங்க. வெள்ளைத் துணியில சுத்தின பொட்டலம்" என்றாள் காந்தா. அதைக் காலையிலிருந்து பதினோரு பேரிடம் சொல்லியிருந்ததால் மனப்பாடமாகவே வந்தது. "மூணாம் நம்பர்ல வெச்சிப் பூட்டுன்னு டிரைவர் கையில குடுத்தேன். பூட்டிட்டு வந்து சாவியை என்கிட்ட குடுத்தான். காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பி வந்து சேர்ந்தோம். ஆறரைக்கு இறங்கிப் பாக்குறேன், இந்த மனுஷன் வண்டிக்கு அடியில படுத்துக்கினு இருக்காரு! மூணாம் நம்பர் திறந்து கிடக்குது! உள்ள ஒண்ணும் இல்ல!"

இந்த மனுஷன் என்று சுட்டப்பட்ட ஜான் பாஷா, மணப்பெண்ணின் இரண்டு தாய்மாமன்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். நாற்பது வருடமாக லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிறவர். அவர் கட்டிய கதவை மூடினால் சத்தம் வராது என்று ஊரில் பேச்சு. அவர் மகள் தாஹிரா ஏழு மணிக்குத் தபஸ்ஸுமுக்குப் போன் செய்து, "எங்க அப்பாவைத் திருடன்னு உட்கார வெச்சிருக்காங்கக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"ஒன்பதரைக்குள்ள புடவை வரலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்" என்றாள் காந்தா. "ரெண்டாவது சாவி இவர் பட்டறையிலதான் இருந்துச்சு. வேற யாரு எடுப்பாங்க?"

தபஸ்ஸும் எழுந்து வந்து ஜான் பாஷாவின் முன்னால் நின்றாள். "சாச்சா, வண்டிக்கு அடியில இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"சும்மா பாக்க வந்தேன்."

"காலங்காத்தால ஆறரை மணிக்கா?"

"கட்டின பொருளைப் பாக்க நேரம் காலம் உண்டாமா?"

"பெத்த பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்டுக்குப் பாக்கப் போற மாதிரி போயிருக்காரு மேடம்" என்றான் ஜோசுவா. "ஆனா சம்பந்தி வீட்டுக்கு மாத்துச் சாவியோட யாரும் போறதில்ல."

தாய்மாமன் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று மீசையைத் தடவினார்.

தபஸ்ஸும் ஜான் பாஷாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல்களை விரிக்கச் சொன்னாள். அவை விரியவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. முகர்ந்து பார்த்தாள்.

"ரப்பர் சொல்யூஷன். பஞ்சர் ஒட்டுறது. ஏன் ஜோசுவா, பட்டுத் திருட வர்றவன் விரல்ல பசை தடவிக்கினு வருவானா?"

"வந்தா, திருடினது கையை விட்டுப் போகாது மேடம்."

ஜான் பாஷா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவர் முகத்தில் பயம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. ஜோசுவாவுக்கு அது புதிராக இருந்தது. திருடர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்; அவர்களுக்கு எல்லாம் வரும், வெட்கம் மட்டும் வராது.

தபஸ்ஸும் முதலில் இரண்டாம் நம்பர் பெட்டியைத் திறந்தாள். சாமான்களை இறக்கியிருந்தார்கள். தரை முழுக்கச் செம்மண் தூசி. வாலாஜாபாத் ரோட்டில் அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. அந்த வழியாக வந்த வண்டிகள் எல்லாம் மாவு மில்லுக்குள் போய் வந்தது போலத்தான் இருந்தன. அந்தத் தூசிக்கு நடுவே, அச்சு எடுத்தாற்போல் ஒரு சுத்தமான சதுரம். பக்கத்தில் இன்னொன்று, வட்டமாக.

"இது மேக்கப் பெட்டி இருந்த இடம். இது வளையல் டப்பா" என்றாள் காந்தா.

"சரி, இப்போ மூணு."

மூன்றாம் நம்பரைத் திறந்ததும் ஜோசுவா செல்போன் விளக்கைப் பிடித்தான். தூசி. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, கோலம் போடத் தயார் செய்த வாசல் மாதிரி ஒரே சீராக. சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை.

"புரியுதா? இந்தப் பெட்டியில பொட்டலம் வந்திருந்தா அதுக்கு அடியில தூசி விழுந்திருக்காது" என்றாள் தபஸ்ஸும். "வாலாஜாபாத்ல இருந்து வரும்போதே இது காலி. சாச்சா சாவி போட்டுத் திறந்தப்போ திருடறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல."

காந்தா குனிந்து தானும் உள்ளே பார்த்தாள். "அப்போ பூட்டின பெட்டிக்குள்ள இவ்ளோ தூசி எப்படிப் போச்சு?"

கேள்வி நியாயமானது. தபஸ்ஸும் ஜான் பாஷாவைப் பார்த்தாள். கதவின் ஓரத்தில் பாம்புக்குட்டி போலக் கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று பாதி ஒட்டி, பாதி தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றிலும் இரண்டிலும் அது முழுக்க ஒட்டியிருந்தது. பசை புதிது, காலையில் தடவியது.

"சொல்லிடுங்க சாச்சா."

ஜான் பாஷா எழுந்து நின்றார். "கதவு ஓரத்துக்குப் போடுற பீடிங் ரப்பர் ஸ்டாக் இல்ல. இந்தம்மா அவசரம்னு நின்னாங்க. ரப்பர் போடாமலே வண்டியைக் குடுத்துட்டேன், சொல்லவும் இல்ல. மனசு கேக்கல. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி ஒட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன்." பசை ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நாப்பது வருஷமா என் பெட்டியில தூசி போச்சுன்னு ஒருத்தன் சொன்னது இல்லமா."

"அட பாய், அதுக்காகத் திருடன்னு பேர் வாங்கிக்கினு உட்கார்ந்திருந்தீங்களா?" என்றான் ஜோசுவா.

"திருடன்னு சொன்னா ஊர்ல எவனும் நம்ப மாட்டான்பா. வேலை தெரியாதவன்னு சொன்னா நம்பிடுவான்."

காந்தாவுக்குக் கோபப்படப் புது விஷயம் கிடைத்துவிட்டது. "அப்போ ஓட்டைப் பெட்டியைத்தான் என் தலையில கட்டினீங்களா!"

"அதை அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் தபஸ்ஸும். "உங்க டிரைவர் எங்க?"

அப்போதுதான் எல்லோரும் சுற்றும்முற்றும் பார்த்தார்கள். டிரைவர் மாணிக்கவேல் வண்டியை நிறுத்தினான், மடக்கு மேசைகளை இறக்கினான், அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அவன் செல்போன் டிரைவர் சீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"மூணு வருஷமா என்கிட்ட ஓட்டுறான். ஒரு ஸ்டிக்கர் பொட்டைக்கூடத் தொட்டதில்ல" என்றாள் காந்தா. சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. "அடப்பாவி!"

"நாலாம் நம்பர் பாத்தீங்களா?" என்று ஜோசுவா கேட்டான்.

"அது மேசை வைக்கிற நீட்டுப் பெட்டி. பூட்டு கிடையாது, வெறும் கொண்டிதான். காலி. கொண்டி போடாமத்தான் இருக்குது, அப்படியும் கதவு வரமாட்டேங்குது. மக்கர்."

"என் கதவு மக்கர் பண்ணாது" என்றார் ஜான் பாஷா.

"தூசியை விடுற கதவு வேற எதுவும் பண்ணாதாக்கும்!"

தபஸ்ஸும் அதற்குள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

மாணிக்கவேல் வீடு பிள்ளையார்பாளையத்தில். நேராகப் போனால் கால் மணி நேரம். ஆனால் காஞ்சிபுரத்தில் நேராகப் போவதென்பது சாமி அனுமதித்தால்தான். தெருமுனையில் மேளம், குடை, தீவட்டி எல்லாம் குறுக்கே வந்தன. பின்னால் இரண்டு கல்யாணக் கார், ஒரு தண்ணி லாரி.

"எந்தச் சாமி மேடம் இது?"

"எதுவா இருந்தா இன்னா? வழி விடுமான்னு பாரு."

"கும்பிட்டுக்குறேன். உங்களுக்கும் சேர்த்து" என்று ஜோசுவா கன்னத்தில் போட்டுக்கொண்டான். கழுத்தில் சிலுவை ஆடியது. பல்லக்கு நகர்ந்தது. அவன், தான் கும்பிட்டதால்தான் நகர்ந்தது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

டிரைவரின் மனைவி பொன்னியம்மாள் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஓடிக்கொண்டிருந்த தறி நாடாவை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"திருடினாரா? அவரா? நேத்து சாயங்காலம் போகும்போது பாயும் தலகாணியும் எடுத்துக்கினு போனாருங்க."

"தலகாணியா?"

"ராத்திரி முழுக்க பொண்ணு வீட்டுல பாட்டுக் கச்சேரி, தூங்க விடமாட்டாங்க, விடிஞ்சதும் எங்கியாவது படுக்கணும்னு எடுத்துக்கினு போனாரு."

தபஸ்ஸும் திரும்பினாள். "ஜோசுவா, பட்டுப் புடவையைத் தூக்கிக்கினு ஓடப்போறவன் தலகாணியும் தூக்கிக்கினு போவானா?"

"ஒளியற இடத்துல தலகாணி சரியில்லன்னா கழுத்து புடிச்சிக்குமே மேடம்." சொல்லிக்கொண்டே அவன் கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைக்க இடம் தேடினான். அருகில் பெஞ்சின் மேல் வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. தாண்டிப் போகலாம் என்று பெஞ்சுக்கு மேலாகக் காலைத் தூக்கினான்.

"ஏய்! காலை எடுப்பா!"

ஜோசுவா ஒற்றைக் காலில் நின்றான். பொன்னியம்மாள் ஓடிவந்து பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, பரணில் வைத்தாள்.

"நான் நெய்த முகூர்த்தப் புடவைபா! அதுக்கு மேல மனுஷன் கால் போலாமா? நாங்க தரையில கூட வைக்க மாட்டோம். அவரு இன்னும் மோசம். இறுக்கி மடிச்சா ஜரிகை உடையும்னு சண்டைக்கு வருவாரு. சுருட்டித்தான் வைக்கணும்பாரு. முட்டி வலின்னு தறியை விட்டு வண்டிக்குப் போனவரு, புத்தி இன்னும் தறியிலதான் இருக்குது."

"அந்தப் பொட்டலத்தை வண்டிக்கு அடியில இருக்குற பெட்டியில வைன்னு சொன்னா?" என்று தபஸ்ஸும் மெதுவாகக் கேட்டாள்.

"அடியிலயா? மேல அத்தினி பேரு செருப்போட நிப்பாங்களே! கழுத்தை வெட்டினாலும் வைக்க மாட்டாரு."

தபஸ்ஸுமின் பார்வை தறிக்குப் போயிற்று. பழைய மரங்களுக்கு நடுவே, நெய்த பட்டைச் சுற்றும் உருளை மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

"இதோட பழைய உருளை எங்கம்மா?"

"அதை அவரு வண்டிக்குத் தூக்கிக்கினு போய்ட்டாரு. பொண்ணுங்க துணி மாத்தும்போது டிரைவர் பக்கம் மறைக்கிறதுக்குத் திரை வேணும்னாங்களாம். இந்த உருளையில சுத்தி, மேல மாட்டி, கயிறு வெச்சிக் குடுத்திருக்காரு."

தபஸ்ஸும் சட்டென்று சிரித்தாள். ஜோசுவா இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றிருந்தான்.

"காலைக் கீழ வை, வண்டியை எடு. தப்புப் பண்ணிட்டேன். காலையிலேர்ந்து எல்லாரும் குனிஞ்சி தேடினோம். நானும்தான்."

மண்டபத்துக்குத் திரும்பும்போது மணி ஒன்பது இருபத்தைந்து. காந்தா செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பி நின்றாள். தாய்மாமன்கள் ஜான் பாஷாவின் இரண்டு பக்கமும் நெருங்கி நின்றார்கள். இளவரசி கேரவன் வாசலில், இப்போது இட்லியும் இல்லாமல், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்தப் புடவைக்கு நிறம் எடுக்கவே அவள் மூன்று முறை காஞ்சிபுரம் வந்து போயிருந்தாள். மை கலையாமல் இருக்க அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். பாவம், அவள் ஒருத்திதான் சரியான திசையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தபஸ்ஸும் நேராக நாலாம் நம்பர் பெட்டிக்குப் போனாள். "சாச்சா, உங்க கதவு மக்கர் பண்ணுமா?"

"பண்ணாது."

"அப்போ கொண்டி போடாமலே ஏன் வரல?"

ஜான் பாஷா யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "உள்ள இருந்து யாராவது இழுத்துக் கட்டியிருந்தாத்தான்மா!"

ஜோசுவா காதைக் கதவின் ஓரத்தில் வைத்தான். ரப்பர் ஒட்டாத இடுக்கு வழியாக, தூரத்து ரைஸ் மில் போல ஒரு சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அவன் கதவைத் தட்டினான்.

"டீ வந்துடுச்சா?" என்று கேட்டது பெட்டி.

மண்டபமே ஒரு அடி பின்வாங்கியது. உள்ளே துண்டு அவிழும் சத்தம். ஜான் பாஷாவின் கதவு, ஊரே சொன்னபடி, ஓசையே இல்லாமல் திறந்தது. முதலில் ஒரு தலையணை வந்தது. அதன் பின்னால் மாணிக்கவேல் வந்தான், கன்னத்தில் பாயின் கோடுகளோடு, மீசையெல்லாம் செம்மண்ணோடு. கூட்டத்தைப் பார்த்தான். வெயிலைப் பார்த்தான்.

"ஐயோ! கல்யாணம் முடிஞ்சிடுச்சா?"

"நீ எழுந்திரிக்காம எப்படிபா ஆரம்பிக்கிறது?" என்றான் ஜோசுவா.

"இங்க ஏன்டா படுத்தே!" என்று காந்தா கத்தினாள்.

"உள்ள சீட்டுல படுத்தா தலை எண்ணெய் படும்னு நீங்கதானேமா சொன்னீங்க. இது ஆறடி இருக்குது, காத்தும் வருது. வெளிச்சம் படாம இருக்கக் கதவைத் துண்டால கட்டிக்கினேன்."

"புடவை எங்கடா?"

மாணிக்கவேல் உண்மையாகவே விழித்தான். நைட்டியில் நின்ற மணப்பெண்ணை அப்போதுதான் பார்த்தான். "இன்னும் கட்டலியா? துணி மாத்த மொதல்ல திரையைத்தானே இறக்குவீங்க? இறக்கினா கைக்கு வந்துடுமேமா!"

திரையை இறக்காததற்குக் காரணம், புடவை வராததுதான். புடவை வராததற்குக் காரணம், திரையை இறக்காததுதான். இது மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. முதலில் சிரித்தவர் மீசைக்கார மாமன். இந்த முறை அவர் மீசையைத் தடவவில்லை.

இளவரசி கேரவனுக்குள் ஓடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய கயிற்றை இழுத்தாள். உருளை கிறீச்சிட்டது. வெள்ளைத் திரை இறங்கியது. அதன் மடியில், வெள்ளைத் துணிக்குள் பூப்போல மூன்றாக மடித்துச் சுருட்டியிருந்த அரக்குப் பட்டு, சுருள் சுருளாக இறங்கி அவள் இரண்டு கைகளிலும் வந்து விழுந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ஒரு துளித் தூசி இல்லை. அவள் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மை கலையக் கலைய ஓவென்று அழுதாள். காந்தா திட்டவில்லை, அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தாள்.

"மூணாம் நம்பர்ல வைன்னு சொன்னேனேடா" என்றாள் கடைசியில், குரல் இறங்கி.

"வெக்க முடியலமா. நீங்க கோவிச்சிப்பீங்கன்னு பெட்டியைப் பூட்டி மட்டும் குடுத்தேன். மேல பத்து பேரு செருப்போட நடப்பாங்க. அதுக்கு அடியில முகூர்த்தப் புடவையை எப்படி வெக்கிறது?"

"அதே அடியிலதானே நீ படுத்துக்கினு இருந்தே?" என்று ஜோசுவா கேட்டான். "உன் தலைக்கு மேல நடந்தா பரவால்லியா?"

மாணிக்கவேல் தலையணையைத் தட்டித் தூசி போக்கினான். "நான் இன்னா பட்டாபா?" என்றான், சாதாரணமாக.

காந்தா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு ஜான் பாஷாவின் முன்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க பாய். வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். வண்டிக்கு மேல, உள்பக்கமா, புடவைக்குன்னு ஒரு பெட்டி கட்டணும். இவனுக்கு உள்ளயே ஒரு படுக்கையும் கட்டிடுங்க."

"படுக்கை வேணாம்மா, உள்ள ஸ்பிரே வாசனைக்குத் தும்மல் வரும்" என்றான் மாணிக்கவேல் அவசரமாக. "நாலாம் நம்பரே போதும்."

தாய்மாமன்கள் விலகி வழிவிட்டார்கள். ஜான் பாஷா தன் ஸ்கூட்டரிலிருந்து ரப்பர் சுருளை எடுத்து வந்து, இத்தனை பேர் பார்க்க, நிதானமாக மூன்றாம் நம்பரை ஒட்டி முடித்தார். நாலாம் நம்பருக்கு வந்தார். கதவின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். காற்று வந்தது. உள்ளே விரித்துக் கிடந்த பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரப்பர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு பீடிங் போட மாட்டேன்" என்றார் சத்தமாக. "எவனாவது கேட்டா, ஜான் பாஷா பெட்டியில தூசி போகுதுன்னே சொல்லுங்க."

உள்ளே நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஜோசுவா சமையல் கட்டு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டே நடந்தான்.